மயில் கேட் வீட்டுக்காரி

ஜோதிமணியைக் கல்நெஞ்சுக்காரி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பர் துபாயில் நாங்கள் குடியிருக்கிற கட்டடத்தில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பம் இருக்கிறது. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் மிளகு ரசம் வைத்துத் தூக்கில் ஊற்றிக்கொண்டு போய் நிற்கிறவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களெல்லாம் வாட்ஸ்அப்பில் கையெடுத்துக் கும்பிடுகிற கோஷ்டி. நானும் அந்தக் கோஷ்டிதான். எனக்காவது மாவு அரைக்கிற வேலை என்று ஒரு சாக்கு இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். வீட்டுக்காரருக்குக் கப்பல் பட்டறையில் வேலை. நான் வீட்டிலேயே தோசை மாவு அரைத்துத் தெரிந்த குடும்பங்களுக்குக் கொடுக்கிறேன். சரசக்கா மாவு என்றால் எங்கள் சந்தில் எல்லாருக்கும் தெரியும். இந்த ஊர் ஆகஸ்டில் மாவோடு மல்லுக்கட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் கொட்டும். ஐஸ் கட்டியைப் போட்டுப் போட்டுத்தான் கிரைண்டரை ஓட்ட வேண்டும். கரைத்து வைத்துவிட்டுக் கொஞ்சம் கண் அசந்தால் பொங்கித் தரையெல்லாம் வழிந்து கிடக்கும். வெளியே கால் வைத்தால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து படிக்கட்டு தெரியாது.

ஜோதிமணி எங்களுக்கு எதிர் ஃப்ளாட். கரூர்க்காரி. புருஷன் விமல் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இன்ஜினியர், தாட்பூட் இல்லாத மனுஷன். ஒரே பெண், மஹதி. ஸ்கூல் விட்டு வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். "சாப்ட்டியாடி?" என்று கேட்டால் உள்ளேயிருந்து "யெஸ் ஆன்ட்டி" என்று வரும். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

திருச்சியில் ஓலையூர் ரோட்டுப் பக்கம் அவர்கள் ஒரு வீடு கட்டினார்கள். இங்கேயிருந்தபடியே, லீவு லீவாகப் போய்ப் பார்த்துக் கட்டின வீடு. கேட்டில் ரெண்டு இரும்பு மயில், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி. அது ஜோதிமணியின் ஆசை. கும்பகோணத்து ஆசாரி ஒருவரிடம் சொல்லிச் செய்ய வைத்தாள். பால் காய்ச்சினார்கள், அன்றைக்குச் சாயங்காலமே ஃப்ளைட் ஏறிவிட்டார்கள். விமலுக்கு லீவு முடிந்துபோயிருந்தது.

அப்புறம் வாடகைக்கு விட்டார்கள். முதலில் விமலின் சித்தப்பா மகன்தான் பார்த்துக்கொண்டான். மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க் ரிப்பேர் என்று தினம் ஒரு பஞ்சாயத்து. கடைசியில் வீடும் நாறி, சித்தப்பா வீட்டோடு பேச்சுவார்த்தையும் நின்றுபோனது. அப்போதுதான் யாரோ அந்தக் கம்பெனியைச் சொன்னார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்களின் வீடுகளை வாடகைக்கு விட்டுப் பராமரிப்பதுதான் அவர்கள் தொழில். ஆள் பிடிப்பது, ஒப்பந்தம் போடுவது, பைப் உடைந்தால் ஆள் அனுப்புவது எல்லாம் அவர்கள் பாடு. அர்ஜுன் என்று ஒரு பையன் மேனேஜர். மாதாமாதம் வீட்டைச் சுற்றி வீடியோ எடுத்து அனுப்புவான். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஜோதிமணிக்குத் தலைவலி விட்டது.

"பாருங்க்கா, சிங்க்ல ஒரு கறை இருக்குதான்னு பாருங்க" என்று வீடியோவைப் பெரிசு பண்ணிக் காட்டுவாள்.

"குடியிருக்கது யாருடி?"

"ஒரு ஃபேமிலிங்க்கா. அந்தப் பொண்ணோட வூட்டுக்காரரு இங்க துபாய்லதான் இருக்காராமா. கரெக்டான ஆளுங்கன்னு அர்ஜுன் சொன்னாருங்க."

"பேரு என்ன? எந்தூராம்?"

"அது தெரியாதுங்க்கா. அர்ஜுனுக்குத் தெரியும்."

"நல்லாருக்குடி கூத்து. உன் வீட்டுல குடியிருக்கவுக பேரு உனக்குத் தெரியாதா?"

"பேசிப் பழகக் கூடாதுங்க்கா. பழகீட்டா அவங்க ஒண்ணு கேப்பாங்க, நம்மளால மாட்டேன்னு சொல்ல முடியாது. அதுக்குத்தான் நாங்க நடுவுல இருக்கறோம் மேடம்னு அர்ஜுன் சொல்லீட்டாருங்க. எனக்கும் அது நல்லதாத்தான் படுது. என்னால யாருகிட்டயும் மாட்டேன்னு சொல்ல வராதுங்க்கா."

அது நிஜம்தான். அவளுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது.

அந்த ஆகஸ்டில் ஒரு நாள் காலையில் எங்கள் தமிழ்க் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்தது. ராஜிக் போட்டிருந்தார். ராஜிக் கீழக்கரைக்காரர். மீனா பஜார் பின்சந்தில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறார். நம்ம ஊர் ஆட்கள் யாராவது இங்கே இறந்துபோனால் போலீஸ், ஆஸ்பத்திரி, எம்பசி என்று அலைந்து உடம்பை ஊருக்கு அனுப்பிவைக்கிற வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டு செய்வார். காசு வாங்க மாட்டார். மெசேஜில் ஒரு போட்டோ இருந்தது. கோடு போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, நாற்பது வயசு தாண்டின முகம். பெயர் சோலைமுத்து. திருச்சி. கட்டடத்தில் பலகை அடிக்கிற கார்ப்பென்டர். கம்பெனி ஆட்கள் தங்குகிற சோனாப்பூர் கேம்பில் ராத்திரி படுத்தவர் காலையில் டூட்டிக்கு எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. மனைவி, ரெண்டு பெண் குழந்தைகள். முடிந்தவர்கள் உதவுங்கள்.

குரூப்பில் வரிசையாகக் கும்பிடு விழுந்தது. நானும் ஒன்று போட்டேன். ஜோதிமணி மட்டும் கும்பிடு போடவில்லை, நேரே ராஜிக்குக்குப் போனைப் போட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு அதுவே வேலை. கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டைத் தர இழுத்தடிக்கிறான் என்று தெரிந்ததும், விமலுக்குத் தெரிந்த ஒருவரைப் பிடித்துப் பேச வைத்தாள். கேம்பில் அவரோடு ரூமில் இருந்தவர்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டு, பெரிய குண்டாவில் புளிசாதம் கிளறி அனுப்பினாள். வியர்த்து ஊற்ற ஊற்ற அடுப்படியில் நின்றாள். நல்லெண்ணெய் மணம் லிஃப்ட் வரைக்கும் வந்தது.

"எப்படியாச்சும் அந்த மனுசன் வூடு போய்ச் சேரணுமுங்க்கா. பொணக்கெடங்குல போட்டு வெச்சிருக்கறத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல."

அன்றைக்கு நான் மாவு கொடுக்கப் போயிருந்தேன். அவள் ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன் என்று ராஜிக்கோடு பேசிக்கொண்டிருந்தாள். ஹாலில் விமலுக்கும் ஒரு போன் வந்தது. அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஜோதி, திருச்சி வீட்ல டெனன்ட் ஃபேமிலில ஒரு டெத்தாம். பாடிய வீட்டுக்குள்ள வெச்சு எடுத்துக்கட்டுமான்னு கேக்கறாங்களாம். அக்ரிமென்ட்ல கூடாதுன்னுதான் இருக்கு, இருந்தாலும் ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்கறான் அர்ஜுன்."

"அய்யய்யோ, வேண்டாங்க! புது வூடு. நாம இன்னும் குடியே போகல. எதுவும் பண்றதுன்னா வெளிய பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள். அதே மூச்சில் போனில், "ஆங், சொல்லுங்க ராஜிக் அண்ணா, எம்பாமிங் நாளைக்கே முடிஞ்சுருமா?" என்றாள்.

கதையை ஒளித்துவைத்து விளையாடுகிற சங்கதி இல்லை இது. உங்களுக்கு விளங்கியிருக்கும். அந்தச் சாவும் இந்தச் சாவும் ஒன்றுதான். வீட்டுக்குப் போய்ச் சேரணும் என்று யாருக்காக அவள் தவித்தாளோ, அவருக்குத்தான் வீடு கிடையாது என்று சொல்லிவிட்டு அடுப்பைத் தணித்தாள். அவளுக்கு அது தெரியாது. அங்கே நின்றுகொண்டிருந்த எனக்கும் தெரியாது. விமலும் பெயரைக் கேட்கவில்லை, அர்ஜுனும் சொல்லவில்லை. வாடகை வீட்டில் சாவை வைக்க விடுவதில்லை என்பது ஊரில் எல்லாத் தெருவிலும் உள்ள வழக்கம்தானே, எனக்கும் அதில் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. மாவு டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் வெயில் இறங்கினதும் ரெண்டு பேரும் மீனா பஜாருக்குப் போனோம். வேட்டியும் துண்டும் கொடுத்தால் உடுத்தி அனுப்புவார்கள் என்று ராஜிக் சொல்லியிருந்தார். சிந்திக்காரர் கடையில் நம்ம ஊர் வேட்டி இருக்கிறது. ஜோதிமணி ஒவ்வொன்றாகப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கரை சாயம் போகுமா என்று கேட்டாள். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. "யாருக்கு, பாபி? ஹஸ்பெண்டுக்கா?" என்றார். அவர் பாஷையில் பாபி என்றால் அண்ணி. இல்லை, எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு என்று சொன்னாள். கோயில் சந்தில் ஒரு ரோஜா மாலையும் வாங்கினோம். பெட்டியில் மாலை வைக்க விடுவார்களோ மாட்டார்களோ, வாங்கிவிட்டோம்.

ராஜிக் சென்டரில் ஏசி ஓடியும் புழுக்கம். கையிலிருந்த போனை அவர் எங்கள் பக்கம் நீட்டினார்.

"சோலைமுத்து சம்சாரம் லைன்ல இருக்காக. நாகவள்ளின்னு பேரு. அழுதுக்கிட்டே இருக்காக, ஆம்பள நான் என்னத்தச் சொல்லித் தேத்துறது? நீங்க ஒரு வார்த்தை பேசுங்கக்கா."

ஜோதிமணி வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"கண்ணு, நான் ஜோதிமணி பேசறேன். இங்க துபாய்லதான் இருக்கறேன். அழுகாத சாமி. எங்கூடப் பொறந்தவராட்ட நெனச்சுத்தான் எல்லாம் பண்ணீட்டு இருக்கறோம். அவர நாங்க பத்தரமா வூட்டுக்கு அனுப்பி வெக்கறோம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "எந்த வீட்டுக்குக்கா?"

"உங்க வூட்டுக்குத்தான் கண்ணு."

"வாடகை வீடுக்கா. உள்ள வைக்கக் கூடாதுன்னுட்டாக. ஏர்ப்போர்ட்லேர்ந்து நேரா சுடுகாட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாக. ஊர்ல எங்களுக்குன்னு கூரை கெடையாதுக்கா. அவுக பங்க வித்துத்தான் விசா வாங்குனது. மச்சாண்டார் வீட்டு வாசல்ல எறக்கலாம்னா, மூஞ்சி குடுத்துப் பேசாதவுக. இந்தப் புள்ளைக படிக்கணும்னுதான் டவுனுக்கு வந்தோம். அவுக இந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வச்சதே இல்லக்கா. போன்லதான் சுத்திக் காட்டுவேன். லீவுக்கு வந்ததும் இந்த ஹால்ல ஃபேனைப் போட்டு மல்லாக்கப் படுத்து ஒரு பகல் பூரா தூங்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. கொஞ்ச நேரம் கெடத்திட்டு எடுத்துடுறேன்னு கால்ல விழாத குறையா கேட்டேன். முடியாதுன்னுட்டாக."

ஜோதிமணிக்கு முகம் சிவந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு.

"என்ன சென்மம் அவங்கல்லாம்? செத்தவரு கொஞ்ச நேரம் படுக்கறதுக்கு எடம் குடுக்க மாட்டாங்களாமா? சோறுதான் திங்கறாங்களா? அந்த வூட்டு ஓனரு நம்பரக் குடு கண்ணு. நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை நான் கேக்கறேன்."

"ஓனரை நாங்க கண்டதே இல்லக்கா. எல்லாத்துக்கும் கம்பெனிதான். அர்ஜுன்னு ஒரு தம்பி. அது நல்ல புள்ளதான், அது என்ன செய்யும் பாவம்."

ஜோதிமணி என்னைப் பார்த்தாள். அப்புறம் ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"வூடு எந்தப் பக்கம் கண்ணு?"

"ஓலையூர் ரோட்டுலக்கா. கேட்டுல ரெண்டு மயிலு வச்ச வீடு."

நான்தான் போனை வாங்கினேன். "அப்பறமா கூப்புடுறோம் தாயி, நீ ஒரு வாய் கஞ்சியாச்சும் குடி" என்று சொல்லி அணைத்தேன். ஜோதிமணி வேட்டிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராஜிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

வேட்டிப் பையையும் மாலையையும் ராஜிக்கிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தோம். சந்துக்குள் ஏசித் தண்ணீர் தலையில் சொட்டியது, அதைத் துடைக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை. என் வீட்டுக்குப் போகாமல் அவளோடேயே போனேன். தனியாக விட மனசு வரவில்லை.

விமலிடம் சொன்னதும் அவரும் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "அவர்தானா?" என்றார். அப்புறம், "நீ சொன்னதத்தானே ஜோதி நான் சொன்னேன்" என்றார்.

"ஆமாங்க. நாந்தான் சொன்னேன். உங்கள யாரு சொன்னது இப்ப?"

"சரி, இப்ப என்ன பண்ணலாம்கற?"

உடனே சரி என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் சொல்லவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி அழ ஆரம்பித்தாள்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க்கா. அந்த வூட்ல நான் ஒரு ராத்திரிகூடத் தூங்குனதில்ல. இந்த ஊர விட்டுப் போயி அங்க நிம்மதியாப் படுக்கோணும்னு இத்தன வருசமா ஓடறேன். மொதமொதல்ல ஒரு பொணத்தக் கெடத்தீட்டா, அப்பறம் அந்த ஹால்ல நான் எப்படிங்க்கா கண்ண மூடுவேன்? வெளக்கு வெச்சா வெளக்குல அவரு மொகந்தான தெரியும்?"

"பயமா இருக்குன்னா பயமா இருக்குன்னு சொல்லு, தப்பில்ல" என்றேன். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. "ஆனா கம்பெனி கூடாதுன்னுச்சு, அக்ரிமென்ட் கூடாதுன்னுச்சுன்னு மட்டும் அந்தப் புள்ளைட்ட சொல்லாத. சொன்னது நீ."

"அக்கா, கொஞ்சம் பாத்துப் பேசுங்க" என்றார் விமல். "எங்க மேல என்ன தப்பு? ஒவ்வொரு டெனன்ட் கஷ்டத்தையும் நாமளே கேட்டு முடிவு பண்றதுன்னா மேனேஜர் எதுக்கு? இந்த மாதிரி விஷயம் நம்ம காதுக்கு வரக் கூடாதுன்னுதானே அவங்ககிட்ட விட்டோம்?"

"காதுக்கு வந்துருச்சேப்பா" என்றேன்.

அர்ஜுனைக் கூப்பிட்டார்கள். மரியாதையான பையன், குரலே தன்மையாக இருந்தது.

"மேடம், எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நீங்க அங்கேர்ந்து எமோஷனலா முடிவு எடுக்காதீங்க. நாளைக்கு இவங்க காலி பண்ணிட்டா அடுத்த டெனன்ட் வர்றது கஷ்டம். தெரு முழுக்கத் தெரிஞ்சிடும். நாங்களே ஆம்புலன்ஸ் ஏற்பாடு பண்ணி, மயானத்துல மண்டபம் இருக்கு, அங்க கொஞ்ச நேரம் வெச்சுப் பாக்கறதுக்குப் பேசியிருக்கோம். அந்தம்மாவும் ஒத்துக்கிட்டாங்க."

"ஒத்துக்கிட்டாங்களா?" என்றாள் ஜோதிமணி.

"வேற வழி இல்லல்ல மேடம்."

யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். நான் எழுந்துபோய் டீ போட்டேன். யாரும் குடிக்கவில்லை. மஹதி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "அம்மா, யாராவது இறந்துட்டாங்களா?" என்று கேட்டாள். "இல்ல கண்ணு, நீ படி" என்றார் விமல். கதவு சாத்திக்கொண்டது.

டீ ஆறி ஆடை கட்டின நேரத்தில் ராஜிக் கூப்பிட்டார். சோனாப்பூரில் உடம்பைப் பதப்படுத்துகிற இடத்து வாசலில் நிற்கிறார் போலிருக்கிறது, பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம்.

"அக்கா, அல்ஹம்துலில்லாஹ், பேப்பரெல்லாம் கிளியர். நாளைக்குக் காலை ஃப்ளைட்ல எடம் கெடச்சிருச்சு. ஒரே ஒரு சிக்கல். கார்கோக்காரன் எறங்குற வீட்டு அட்ரஸ் கேக்குறான். அந்தம்மாட்ட கேட்டா சுடுகாட்டுப் பேரச் சொல்லுது. சுடுகாட்டுக்கு எப்படிக்கா பெட்டி புக் பண்றது? ஒரு வீடு வேணும். திருச்சில உங்களுக்குத் தெரிஞ்ச வீடு எதாச்சும் இருந்தா சொல்லுங்க. பேருக்குத்தான், எழுதிக்கிறேன்."

ஜோதிமணி எழுந்து நின்றுவிட்டாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"எழுதிக்கங்க அண்ணா" என்றாள். கதவு நம்பரைச் சொன்னாள். தெருப் பெயரைச் சொன்னாள். ஓலையூர் ரோடு, திருச்சி என்று சொல்லி பின்கோடும் சொன்னாள். இத்தனை வருஷமாக பேங்குக்கும் ஆபீசுக்கும் எழுதிக் கொடுத்த விலாசம், ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

"இது அந்தம்மா குடியிருக்க வீடுல்லக்கா? அங்கதான் விட மாட்டேங்குறாகன்னு..."

"விடுவாங்க. பேருக்கு இல்லீங்க அண்ணா, அங்கதான் போகோணும். எழுதுங்க."

போனை வைத்துவிட்டு விமலைப் பார்த்தாள். அவரே அர்ஜுனுக்குப் போன் அடித்தார்.

"அர்ஜுன், பாடி வீட்டுக்குத்தான் வரும். ஹால்ல வெச்சுக்கட்டும், என்ன முறையோ எல்லாம் பண்ணிக்கட்டும், காரியம் முடியற வரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. ஆமா, யோசிச்சுத்தான் சொல்றேன். ஓனர் பேரு கேட்டா சொல்ல வேண்டாம்."

மறுநாள் காலையில் நான் கிரைண்டரை ஓட்டவில்லை. உளுந்து ஊறினபடியே கிடந்தது. மத்தியானம் ஜோதிமணி என் அடுப்படிக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். கேம்பில் இருக்கிற கூட்டாளிகள் பார்ப்பதற்காகத் திருச்சியில் யாரோ வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தார்கள், ராஜிக் எங்களையும் அதில் சேர்த்துவிட்டார்.

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. மயில் கேட்டை ரெண்டு பக்கமும் விரியத் திறந்து பிடித்துக்கொண்டு முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பையன் நின்றான். "அர்ஜுன்" என்றாள் ஜோதிமணி. சோலைமுத்துவின் பேசாத அண்ணனும் வந்திருந்தார், பெட்டியின் ஒரு முனையில் அவர் தோள் இருந்தது. ஹாலில் தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். நாங்கள் வாங்கின வேட்டிதான். ரோஜா மாலையைக் காணோம், ஊரில் யாரோ சம்பங்கி மாலை போட்டிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நாகவள்ளி அவர் மார்பில் கை வைத்து, "வீட்டுக்கு வந்துட்டீகளே, எந்திரிச்சுப் பாருங்களேன், இதுதான் ஹாலு, இதுதான் ஹாலு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கேம்பில் ஆண்கள் விம்முகிற சத்தமும் அதே போனில் கேட்டது. சடங்குக்கு ஊற்றின தண்ணீர் வெள்ளை டைல்ஸில் வழிந்து வாசல் வரைக்கும் ஓடியது. அந்த டைல்ஸுக்காக ஜோதிமணி எத்தனை கடை ஏறி இறங்கினாள் என்று எனக்குத் தெரியும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துக்கொண்டு போகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை.

கருமாதி முடிந்து ஒரு நாள் நாகவள்ளி கூப்பிட்டாள். ஜோதிமணி அப்போது தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள், நான் கல்லுக்குப் பக்கத்தில் நின்று சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் மேடைமேல் கிடந்தது.

"அக்கா, நல்லாருக்கீகளா? எல்லாம் முடிஞ்சதுக்கா. உங்களையெல்லாம் மறக்க மாட்டேன். அவுக அண்ணன் இப்பப் பேசுறாக. புள்ளைக ஸ்கூலுக்குப் போகுதுக."

"சந்தோசம் கண்ணு. ஒடம்பப் பாத்துக்க."

"அக்கா, ஒண்ணு கேக்கணும். யாருட்ட கேக்குறதுன்னு தெரியல. அன்னைக்கு வீட்டுக்குள்ள விட மாட்டோம்னு சொன்ன ஆத்தாமையில, நான் வாசல்ல எறங்கி மண்ணை வாரித் தூத்திப்புட்டேன்க்கா. மூணு தடவ. வீட்டுக்காரி புள்ள வெளங்காமப் போகணும், அவ பெத்த வயிறு எரியணும்னு வாய்விட்டுச் சொல்லிப்புட்டேன். மறுநாளே அவுக மனசு மாறி உள்ள வைக்கச் சொல்லிட்டாக. காரியம் வரைக்கும் ஒரு சொல் சொல்லல. இப்ப எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது. விட்ட சாபத்த எப்புடிக்கா திருப்பி எடுக்குறது? பெரியவுக, உங்களுக்குத் தெரியுமான்னுதான்."

கல்லில் தோசை தீய்ந்து புகைந்தது. நான் அடுப்பை அணைத்தேன். உள் அறையில் மஹதி யாரோடோ இங்கிலீஷில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. ஜோதிமணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்லாதடி, சமாளி, கோயிலுக்கு விளக்குப் போடச் சொல்லு என்று நான் கையைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. போனை ரெண்டு கையாலும் எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"நாகவள்ளி, அந்த வூட்டுக்காரி நாந்தான் கண்ணு."

அவள் நிறுத்தாமல் சொன்னாள்.

"நாந்தான். கூடாதுன்னு மொதல்ல சொன்னதும் நாந்தான். நீங்கன்னு தெரியாது, ஆனா சொன்னது நாந்தான். எனக்கு ஒரே பொண்ணு. மஹதின்னு பேரு. என்னைய எதுவும் சொல்லிக்க. அவ பேரச் சொல்லி மட்டும் நல்லாயிருன்னு ஒரு வார்த்தை சொல்லீரு சாமி. உன்னையக் கும்புட்டுக் கேக்கறேன்."

நாகவள்ளி போனை வைத்துவிட்டாளோ என்று நான் எட்டிப் பார்த்தேன். திரையில் நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தூரத்தில் ஏதோ பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. ஒரு குழந்தை "அம்மா, யாரும்மா?" என்றது. நாகவள்ளி மூச்சை இழுத்து விடுவது கேட்டது. ஜோதிமணியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டேயிருந்தது, அவள் துடைக்கவில்லை.

"பாப்பா என்ன படிக்கிது?" என்று கேட்டாள் நாகவள்ளி.

"பத்தாவது."

"நல்லாப் படிக்கட்டும்க்கா" என்றாள். "நல்லாருக்கட்டும்."